மட்டக்களப்பில் புதிய இசைக்குழு: எந்தச் சமூக ஊடகத்தில் இறங்குவது?

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கிவிட்டீர்கள். ஒரு கீபோர்ட், இரண்டு கிட்டார், தாளத்துக்கு ஏதோ ஒன்று, பாடுவதற்கு ஒருவர். சொந்தப் பாட்டும் இரண்டு மூன்று தயார். அடுத்த நாளே குழுவில் ஒருவர் கைபேசியும் கையுமாக உட்கார்ந்து பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப், எக்ஸ், த்ரெட்ஸ் என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கணக்குத் திறந்துவிடுவார். எல்லாவற்றிலும் ஒரே சின்னம், ஒரே படம், 'விரைவில் எதிர்பாருங்கள்' என்று ஒரு வரி. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வரி மட்டும் அங்கே இருக்கும். குழு நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கும். பக்கம் செத்துக் கிடக்கும். அழைக்க நினைத்துத் தேடி வந்தவர், குழு கலைந்துவிட்டது போலும் என்று எண்ணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் ஒத்திகை பார்க்கும் ஒரு குழுவால் இரண்டு தளங்களை ஒழுங்காக நடத்த முடியும். அவற்றோடு யூடியூப்பையும் வாட்ஸ்அப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எல்லாம் அரைகுறைதான். ஆகவே எந்த இரண்டு என்பதுதான் கேள்வி.

முதற்படி: யார் கேட்க வேண்டும்?

'எல்லோரும் கேட்க வேண்டும்' என்று சொல்வது பதில் சொல்லாமல் நழுவுவது. நம் பகுதிக் குழு ஒன்றுக்குக் காது கொடுக்கக்கூடியவர்கள் வெவ்வேறு கூட்டத்தார். அவர்கள் ஒரே இடத்தில் கூடுவதில்லை.

மேடைக்கு அழைக்கும் ஊர்க்காரர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். கோயில் பரிபாலன சபையினர், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நடத்தும் கழகத்தார், கல்யாண வீட்டார், பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தினர். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். உங்கள் கையில் பணம் வைப்பவர்கள் இவர்கள்தான். இவர்கள் இருப்பது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும். வண்ணக்கர் டிக்டொக்கைப் பார்த்துவிட்டு இசைக்குழுவைத் தீர்மானிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது இளைஞர் கூட்டம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஊருக்கு ஊர் டியூஷன் வகுப்புகள். இவர்கள் பணம் தர மாட்டார்கள், ஆனால் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். டிக்டொக், இன்ஸ்டகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ் ஆகியவை இவர்களின் இடம். கல்லடி நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் படிக்கும் மாணவர்களைக் கேட்பவர்களாக மட்டும் பார்க்க வேண்டாம். காணொளியில் கூட வாசிக்க, நடிக்க, ஒளிப்பதிவு செய்ய ஆள் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய இடமும் அதுவே.

பிறகு வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். சுவிஸ், லண்டன், கனடாவில் குடியேறியவர்கள் ஒரு பக்கம். கட்டார், சவூதியில் வேலை செய்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு உங்கள் பாட்டில் வேண்டியது ஊரின் வாடை. வார இறுதியில் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் யூடியூப்பைப் போட்டு முழுப் பாட்டையும் பார்ப்பார்கள். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்பவர்களும் இவர்களுள் உண்டு. அந்த இரவு யார் வாசிப்பது என்பதில் இவர்கள் சொல்லும் எடுபடும்.

தமிழ்நாட்டுக் கேட்பவர்களும் வேண்டுமா? அப்படியானால் ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: இந்தியாவில் டிக்டொக் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. டிக்டொக்கில் நீங்கள் எவ்வளவு பிரபலமானாலும் சென்னையில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே போய்ச் சேர இன்ஸ்டகிராமும் யூடியூப்பும்தான் வழி. இதைக் கவனிக்காமல் 'இந்தியாவிலும் நம்மைத் தெரியும்' என்ற நினைப்பில் டிக்டொக்கிலேயே உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பொத்துவில், அறுகம்பே பக்கம் வாசிப்பவர்களின் கணக்கு வேறு. ஏப்ரல், மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு ஆட்கள் வந்து நிறையும் இடம் அது. இன்று மாலை எங்கே இசை என்று அவர்கள் தேடுவது இன்ஸ்டகிராமில். விடுதிக்காரரும் உங்களை அங்கேதான் பார்ப்பார். அந்தப் பருவத்தில் உங்களுக்கு இன்ஸ்டகிராம் முதலிடம், அதிலும் ஆங்கில வரிகளோடு, பேஸ்புக் இரண்டாமிடம்.

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதட்டும்: அடுத்த ஆறு மாதத்தில் நமக்கு முதலில் வேண்டியது மேடை அழைப்பா, சொந்தப் பாட்டுக்குக் கேட்பவர்களா? விடைகள் முரண்பட்டால் கணக்குத் திறக்கும் முன்பே அந்தச் சண்டையைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். மேடை அழைப்புக்காக நடத்தும் பக்கமும் சொந்தப் பாட்டுக்காக நடத்தும் பக்கமும் ஒன்றுபோல் இருக்க முடியாது.

யூடியூப்

யாராக இருந்தாலும் இதை விட முடியாது. மற்றவையெல்லாம் சந்தைக்குப் போகும் பெட்டிகள் என்றால் யூடியூப்தான் நெல் களஞ்சியம். டிக்டொக்கில் போட்ட குறுங்காணொளித் துண்டு இரண்டு மூன்று நாளில் அடியில் போய்விடும். யூடியூப்பில் போட்ட பாட்டு மூன்று வருடம் கழித்தும் தேடுபவர் கையில் கிடைக்கும். 'உங்கள் பாட்டு ஒன்று அனுப்புங்கள்' என்று யாராவது கேட்டால் அனுப்ப ஓர் இணைப்பு வேண்டும். அது இங்கேதான் இருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நம் இளைஞர்களில் பலர் குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் டேட்டாப் பொதிகளை வாங்குகிறார்கள். யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவை அந்தப் பொதிகளில் அடங்கும். நீங்கள் வேறு ஏதோ ஒரு தளத்தின் இணைப்பை அனுப்பினால் அவருடைய சாதாரண டேட்டா கரையும். அதற்குப் பயந்தே திறக்காமல் விடுபவர் உண்டு. நல்ல பாட்டுக்குக்கூட இந்தத் தடை வரும்.

அலைவரிசையைத் திறக்கும்போதே அதைக் குழுவின் பெயரில், பலர் நிர்வகிக்கக்கூடிய வகையில் அமையுங்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஒட்டவைக்க வேண்டாம். ஒவ்வொரு காணொளியின் தலைப்பிலும் பாட்டின் பெயர், குழுவின் பெயர், ஊர் மூன்றும் இருக்கட்டும். விவரப் பகுதியில் பாடல் வரிகளை முழுதாகத் தமிழில் எழுதுங்கள். நாலு வரி ஞாபகம் இருந்து பாட்டின் பெயர் தெரியாமல் தேடுகிறவர் நிறையப் பேர். வாசித்தவர்கள், பதிவு செய்தவர், அழைப்பதற்கான எண் ஆகியவை அதற்குக் கீழே.

காசு? கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள். யூடியூப்பில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வைகள். 4,000 மணிநேரம் என்றால் நான்கு நிமிடப் பாட்டை 60,000 தடவை முழுதாகப் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். உங்களுக்கு யூடியூப் தருவது அழைப்பு. பணம் மேடையில் வரும்.

பேஸ்புக்

'அதெல்லாம் வயதானவர்களின் இடம்' என்று குழுவின் இளையவர் முகம் சுளிப்பார். அந்த வயதானவர்கள்தான் உங்களை அழைக்கப்போகிறவர்கள் என்று அவருக்கு நினைவூட்டுங்கள். ஊர்க் குழுமங்கள், கோயில் பக்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் இன்னும் இங்கேதான் இயங்குகின்றன.

குழுவுக்குத் 'தனிநபர்' கணக்குத் திறக்க வேண்டாம். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. 'பக்கம்' திறங்கள். அதில் முழு அதிகாரம் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். ஆனால் வெறும் பக்கத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் யாருக்கும் போய்ச் சேராது. பேஸ்புக் பக்கங்களின் பதிவுகளை இலவசமாகப் பரப்புவதை வெகுவாகக் குறைத்துவிட்டது. பதிவைப் பக்கத்தில் போட்டு, குழு உறுப்பினர்கள் தம் சொந்தக் கணக்கிலிருந்து இரண்டு வரி எழுதிப் பகிர வேண்டும். ஊர்க் குழுமத்தில் போடும்போது குழும நடத்துநரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஒரே நாளில் இருபது குழுமங்களில் ஒட்டினால் சுவரொட்டி ஒட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

மேடையில் நேரலை போடுவது நல்ல வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர் அப்போதே பார்ப்பார். ஆனால் 2025 பெப்ரவரி முதல் பேஸ்புக் நேரலைக் காணொளிகளை 30 நாட்களுக்குப் பிறகு நீக்கிவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்த மறுநாளே தரவிறக்கி, நல்ல பாட்டு இரண்டை வெட்டி யூடியூப்பில் சேர்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்

நம் ஊரில் உண்மையான பரப்புரை இங்கேதான் நடக்கிறது. ஆனால் குழுக்கள் இதைத் தாறுமாறாகப் பயன்படுத்துகின்றன. ரசிகர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுமம் தொடங்குவார்கள். மூன்றாம் நாள் காலை வணக்கப் படங்களும் அரசியலும் வந்து நிறையும். அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அதனாலேயே விலகிவிடுகிறார்கள்.

2023 இல் வந்த 'சேனல்' வசதி இதற்கு ஏற்றது. நீங்கள் மட்டும் பதிவிடலாம். பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவருக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒன்று போதும்: நிகழ்ச்சி எங்கே, எத்தனை மணிக்கு, புதிய பாட்டின் இணைப்பு. காணொளியை நேரடியாக அனுப்பினால் தரம் குறைந்து, யாருடைய குழு என்றே தெரியாமல் ஊர் சுற்றும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் குழுவின் பெயரையும் எண்ணையும் காணொளியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அழைப்பு விடுப்பவர்களுக்கென்று ஒரு தனி எண்ணை வைத்துக்கொண்டு அதில் வாட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கள். என்னென்ன கருவிகள், எத்தனை மணிநேரம், ஒலிபெருக்கி யாருடையது, போக்குவரத்து எப்படி என்பதையெல்லாம் ஒரு செய்தியாகத் தயாராக எழுதி வையுங்கள். விலையைப் பொதுவில் போடுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் போட மாட்டேன். செங்கலடியில் ஒரு கல்யாணமும் திருக்கோவிலில் ஒரு திருவிழா இரவும் ஒரே விலையாக இருக்க முடியாது.

டிக்டொக்கா, இன்ஸ்டகிராமா?

இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இலங்கை இளைஞர்களும் ஐரோப்பாவில் வளரும் நம் பிள்ளைகளும் குறியென்றால் டிக்டொக். தமிழ்நாடு, சுற்றுலாப் பயணிகள், மற்ற இசைக்கலைஞர்கள் குறியென்றால் இன்ஸ்டகிராம். எடுத்த துண்டை மற்றதிலும் போடலாம், அதில் தவறில்லை. டிக்டொக்கின் முத்திரை பதிந்த காணொளியை அப்படியே இன்ஸ்டகிராமில் ஏற்றுவதுதான் தவறு. முத்திரை இல்லாத மூலத்தைக் கைபேசியில் தனியே சேமித்து வையுங்கள்.

டிக்டொக்கின் நல்ல குணம், பின்தொடர்பவர் பத்துப் பேர் இருந்தாலும் துண்டு நன்றாக இருந்தால் முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். கெட்ட குணம், அப்படிப் பார்த்தவர் உங்கள் பெயரை நினைவில் வைக்க மாட்டார். ஆகவே துண்டிலேயே பெயர் இருக்க வேண்டும், பாட்டின் மிகச் சிறந்த வரி முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் வந்துவிட வேண்டும். கருவிகளைக் காட்டி, கடலைக் காட்டி, மெதுவாகப் பாட்டுக்கு வருவதெல்லாம் யூடியூப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்டகிராமில் கூட்டுப் பதிவு என்றொரு வசதி இருக்கிறது. நீங்களும் நடனக் கலைஞர் ஒருவரும், அல்லது பாசிக்குடா விடுதி ஒன்றும் சேர்ந்து ஒரே பதிவை இரு கணக்கிலும் காட்டலாம். புதிய குழுவுக்கு இதைவிடச் செலவில்லாத விளம்பரம் கிடையாது. கணக்கைத் திறக்கும்போது வணிகக் கணக்காக வைத்தால் பாடல் நூலகத்தில் பல பாடல்கள் கிடைக்காமல் போகும். படைப்பாளர் கணக்காக வைப்பது நல்லது.

ஸ்பொட்டிஃபை போன்றவை

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தது. இது சமூக ஊடகம் இல்லை, பாட்டு இருக்கும் இடம். நேரடியாக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், ரூட்நோட் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகவே போக வேண்டும். சிலவற்றுக்கு வருடக் கட்டணம், சில வருமானத்தில் பங்கு எடுக்கும். பதிவு செய்யும் முன் ஒன்றைப் பாருங்கள்: பணம் வந்தால் இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் வரும்? இதைப் பார்க்காமல் சேர்ந்தால் பணம் திரையில் மட்டும் தெரியும். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை பணம் தருவதில்லை.

முதல் சொந்தப் பாட்டுக்கு இது அவசரமில்லை. ஐரோப்பாவிலோ கனடாவிலோ கேட்பவர்கள் கூடியதும் போடலாம். எக்ஸ், த்ரெட்ஸ் பற்றி: பெயரைப் பதிவு செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பெயரும் சாவியும்

பெயர் வைப்பதில் நம் குழுக்கள் எல்லாம் வாவியிலும் மீனிலும் போய் விழுகின்றன. மீன்பாடும் தேன்நாடு என்ற பெருமை நமக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'பாடும் மீன்' என்று தேடினால் கதைகளும் சுற்றுலாக் காணொளிகளும் வந்து நிறையும். நீங்கள் பத்தாவது பக்கத்தில் கிடப்பீர்கள். பெயர் வைக்கும் முன் யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் தேடிப் பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரே முடிவாக எடுங்கள். 'வாவி' என்று வைத்தால் ஒருவர் 'வீ' போடுவார், இன்னொருவர் 'டபிள்யூ' போடுவார், 'ஏ' ஒன்றா இரண்டா என்ற சிக்கல் வேறு. எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்து, ஒரே கணக்குப் பெயர்.

அடுத்தது, யாரும் யோசிக்காத ஆனால் நம் பகுதியில் நிச்சயம் வரும் பிரச்சினை. கணக்கு திறந்தவர் ஒரு நாள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவார். கணக்குக்கான உறுதிப்படுத்தல் எண் வரும் சிம் அவருடையது. ரீலோட் செய்யாமல் அந்த சிம் செயலிழந்தால் கணக்கும் போச்சு. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், ஊரில் இருக்கும் ஒருவரின் பொறுப்பில் ஒரு சிம், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இருபடிப் பாதுகாப்பு, மீட்புக் குறியீடுகளை எழுதிய தாள் இரண்டு பேரிடம். குழு பிரிந்தால் கணக்கு யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பேசக் கூச்சமாக இருக்கும். பாட்டு ஒன்று பிரபலமான பிறகு பேசுவது இன்னும் கடினம்.

முன்னணியில் பாடுபவர் பெண்ணாக இருந்தால் அவருடைய சொந்தக் கணக்கையோ எண்ணையோ எங்கும் இணைக்க வேண்டாம். கருத்துப் பகுதியில் தகாத சொற்களை மறைக்கும் வடிகட்டி எல்லாத் தளங்களிலும் உண்டு. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அந்தச் சொற்களை நீங்களே ஒரு பட்டியலாக இட்டு வையுங்கள். கருத்துகளைப் பார்த்து நீக்கும் வேலை அவருடையதாக இருக்கக்கூடாது.

படம் பிடிப்பது, நேரம் பார்ப்பது

கைபேசியே போதும். ஆனால் ஒலி போதாது. மேடைக்கு முன் நின்று பிடித்த காணொளியில் ஒலிபெருக்கிப் பெட்டியின் இரைச்சல்தான் இருக்கும். ஒலிபெருக்கிக்காரரிடம் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து ஓர் இணைப்பு கேட்டு ஒலியைத் தனியே பதிவு செய்து, பிறகு படத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடிக் கடற்கரையில் வெறும் கைபேசியில் பாடிப் பதிவு செய்தால் காற்றுதான் பாடும். ஒத்திகை அறையில், நாலு போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது அதைவிடக் கேட்கும்படி இருக்கும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் நின்று பாடாத குழு இனித்தான் பிறக்க வேண்டும். அறுவடை முடிந்த வயல், வாழைச்சேனைத் துறைமுகத்துப் படகுகள், பாண்டிருப்பின் கோயில் வீதி, காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதி என்று வேறு இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

நேரம். இரவு 9 மணிக்கு இங்கே பதிவிட்டால் கட்டாரில் மாலை 6:30. சுவிஸில் கோடையில் 5:30, குளிர்காலத்தில் 4:30. லண்டனில் அதைவிட ஒரு மணிநேரம் குறைவு. ரொறன்ரோவில் காலை 11:30 அல்லது 10:30. ஊரையும் வளைகுடாவையும் ஒரே பதிவில் பிடிக்க இரவு 8 முதல் 9 வரை நல்ல நேரம். கனடாவை நோக்கியதென்றால் சனிக்கிழமை அல்லது ஞாயிற்றுக்கிழமை இரவு.

வருடக் கணக்கையும் பாருங்கள். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச்சுக்குப் பிறகு கையில் காசு புழங்கும். சித்திரைப் புத்தாண்டும் வைகாசிச் சடங்குகளும் ஆடி, ஆவணித் திருவிழாக்களும் வரிசையாக வரும். அழைப்பவர்கள் இரண்டு மாதம் முன்பே யோசிப்பார்கள். ஆகவே மேடைக் காணொளிகளை ஜனவரி, பெப்ரவரியில் இறக்குங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் வெள்ளம் வந்தால் வெளியரங்கு ஒன்றும் நடக்காது. அது பாட்டு எழுதிப் பதிவு செய்யும் காலம். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் கேட்பவர்களை மனதில் வைத்து இசைப் பதிவுகளைக் குறைத்துக்கொள்வது மரியாதை. பெருநாளுக்குப் பிறகு போடும் பாட்டு கூடுதலாகக் கேட்கப்படும்.

முதல் மாதத்துக்கு இது போதும்: யூடியூப்பில் ஒரு முழுப் பாட்டு. அதிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள், வாரத்துக்கு ஒன்று, நீங்கள் எடுத்த குறுங்காணொளித் தளத்தில். ஒவ்வொன்றின் முதல் கருத்தாகவும் முழுப் பாட்டின் இணைப்பு அல்லது பெயர். பேஸ்புக்கில் மேடைப் படங்கள் சில.

பிறர் பாட்டைப் பாடும்போது

சினிமாப் பாட்டைப் பாடினால் ஆள் சேரும், உண்மைதான். ஆனால் யூடியூப்பின் அடையாளம் காணும் முறை பாட்டின் உரிமையாளரைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை அவருக்குக் கொடுத்துவிடும். சில வேளைகளில் காணொளியையே முடக்கும். பேஸ்புக் நேரலை நடுவில் ஒலியை அறுத்துவிடும். மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பாடுங்கள். அலைவரிசையில் சொந்தப் பாட்டு முன்னே நிற்கட்டும்.

கூத்துப் பாட்டு, வசந்தன் பாட்டு, நாட்டார் பாட்டு ஆகியவற்றை எடுத்துப் புது இசையில் போடுவது நம் குழுக்களுக்குள்ள பெரிய வாய்ப்பு. கூத்தின் வடமோடி, தென்மோடி வகைகள் இரண்டும் வாழும் மண் இது. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியரின் ஆடல் இசையான கப்ரிஞ்ஞாத் தாளம்கூட இங்கே இருக்கிறது. ஆனால் 'நாட்டார் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை' என்று நினைக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சட்டத்தை விடுங்கள், பாடிக் காட்டிய அண்ணாவியாரிடம் (கூத்துப் பழக்கும் ஆசானிடம்) கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் காணொளியில் போடுவதுதான் முறை. சடங்குப் பாடல்கள் என்றால் கோயில்காரரைக் கேட்காமல் தொடவே கூடாது. கருத்துப் பகுதியில் ஊரே திரண்டுவிடும்.

விளம்பரக் காசு

லைக்கும் பின்தொடர்வோரும் விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வாங்காதீர்கள். போலிக் கணக்குகள் பாட்டைக் கேட்பதில்லை. கேட்காத கூட்டம் இருப்பதைப் பார்க்கும் தளம் உங்கள் அடுத்த பதிவை யாருக்கும் காட்டாது.

செலவழிக்கக் கொஞ்சம் காசு இருந்தால் நிகழ்ச்சி ஒன்றுக்கு முன் பேஸ்புக் விளம்பரம் கொடுங்கள். மட்டக்களப்பு நகரைச் சுற்றி 40 கிலோமீற்றர் என்று வட்டம் போட்டால் வடக்கே வாழைச்சேனையும் தெற்கே கல்முனைப் பக்கமும் வரும். இலங்கை முழுதும் என்று விட்டால் காசு கொழும்பில் கரையும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள வங்கி அட்டை வேண்டும். அதில் நாளாந்த எல்லையைச் சிறிதாக வையுங்கள்.

தளமே இல்லாமல் போகும் நாள்

2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் என்று இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு களவு போவதும் உண்டு. அதனால் உங்களை அழைத்தவர்கள், அழைக்கக்கூடியவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண்களை அவர்களின் சம்மதத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தத் தளம் மூடினாலும் அந்தக் கொப்பி மூடாது. மூலக் காணொளிகளை ஒரு வன்தட்டில் சேமியுங்கள்.

மூன்று மாதம் கழித்து

விருப்பக்குறிகளை எண்ணுவதில் பொழுதைப் போக்காதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் இரண்டைப் பாருங்கள்: எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள், பாட்டின் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள். எல்லோரும் இருபதாவது விநாடியில் போகிறார்கள் என்றால் முன்னிசை நீளம். டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் எத்தனை பேர் பகிர்ந்தார்கள், சேமித்தார்கள் என்பதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ள அளவீடு தொலைபேசியில் இருக்கிறது. அழைக்கும் ஒவ்வொருவரிடமும், 'எங்களை எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். பத்து அழைப்பில் ஏழு பேர் பேஸ்புக் என்று சொன்னால், இளையவர் எவ்வளவு முகம் சுளித்தாலும் பேஸ்புக்தான் உங்கள் தளம். ஒருவர்கூட ஒரு தளத்தின் பெயரைச் சொல்லவில்லை என்றால் அங்கே பதிவிடுவதை நிறுத்திவிடுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம். பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். 'எங்கள் புதிய பாட்டுகள் யூடியூப்பில். நிகழ்ச்சிகளுக்கு இந்த எண்ணை அழையுங்கள்' என்று கடைசிப் பதிவு ஒன்றை இட்டு அதை மேலே குத்தி வைத்துவிடுங்கள். குழுவின் எண் மாறினால் அந்தப் பதிவில் உள்ள எண்ணையும் மாற்ற மறக்க வேண்டாம்.